மேகத்தில் ஒரு மனை: புதுக் கருவிகளும் தனியர் இணையத்தளங்களும்

முன்னுரை

மனிதன் முதலில் கல்லில் எழுதினான். பின்னர் ஓலையில் எழுதினான். அதன்பின் தாளில் அச்சிட்டான். இன்று கண்ணாடித் திரையைத் தொட்டு எழுதுகிறான். எழுதப்படும் பொருள் மாறினும் எழுதுவோனின் விருப்பம் மாறவில்லை. தான் எழுதியது தனக்குப் பின்னும் நிலைத்தல் வேண்டும் என்பதே அவ்விருப்பம். நாளொரு கருவி சந்தைக்கு வரும் இக்காலத்தில், ஒருவர் தமக்கென ஓர் இணையத்தளம் அமைப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலையாகிவிட்டது. அமைப்பது எளிதாயிற்று, நிலைபெறச் செய்வதும் எளிதாயிற்றா? இவ்வினாவை ஆராய்வதும், தமிழ் மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சிலவற்றைத் தொகுத்துரைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மேகம் என்னும் சொல்

கணினித் துறையில் மேகம் என்னும் சொல் வழங்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. வலைப்பின்னலின் அமைப்பை வரைந்து காட்டிய பொறியாளர்கள், தம் பொறுப்பிலுள்ள கணிப்பொறிகளை ஒவ்வொன்றாக வரைந்துவிட்டு, தமக்கு அப்பாற்பட்ட பெருவலையை ஒரு மேக வடிவால் குறித்தனர். உள்ளே நிகழ்வது யாது என்பது இப்படத்திற்கு வேண்டா என்பதே அவ்வடிவின் குறிப்பு. படக்குறியாக இருந்தது நாளடைவில் பெயராயிற்று. 2006ஆம் ஆண்டு மார்ச் திங்களில் அமேசான் நிறுவனம் சேமிப்பிடத்தையும், அதே ஆண்டு ஆகஸ்டில் கணிப்பொறித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியது. மின்சாரத்திற்குச் செலுத்துவதுபோல், பயன்படுத்திய அளவிற்கு மட்டும் கட்டணம் செலுத்தும் முறை அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

கைம்மாறு கருதாது பொழிவதால் மேகத்தை வள்ளலுக்கு உவமை கூறுதல் நம் புலவர் மரபு. கணினி மேகமோ திங்கள்தோறும் கணக்கெழுதும் மேகம். மேலும், அது விண்ணில் இல்லை, மண்ணில் இருக்கிறது. குளிரூட்டப்பட்ட கட்டடங்களில், அடுக்கடுக்காக வைக்கப்பட்ட கணிப்பொறிகளே அம்மேகம். 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பற்றியது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றிலும் அழிந்தது. அருகிலிருந்த மற்றொன்றும் சிதைவுற்றது. எண்ணற்ற தளங்கள் ஒரே நாளில் இருண்டன. வேறிடத்தில் படி வைத்திருந்தோர் மீண்டனர்; வையாதோர் இழந்தனர். மேகமும் தீப்பற்றும் என்பதை அன்று உலகம் உணர்ந்தது.

முதல் தளமும் அதன் மூலப்படியும்

உலகின் முதல் இணையத்தளம் தோன்றியது ஒருவரின் மேசைக் கணிப்பொறியிலேயாகும். ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989ஆம் ஆண்டு மார்ச் திங்களில் தம் திட்டத்தை எழுதி அளித்தார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் நெக்ஸ்ட் என்னும் கணிப்பொறியில் அதனைச் செயற்படுத்தினார். அக்கணிப்பொறியின் மீது, இதனை அணைத்துவிடாதீர் என்னும் பொருள்படச் சிவப்பு மையில் எழுதிய துண்டுச்சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு பொத்தானை எவரேனும் அணைத்திருந்தால் அன்றைய உலக வலை முழுவதும் அணைந்திருக்கும்.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், இத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 2013இல், அம்முதல் தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவ அந்நிறுவனம் முயன்றது. அப்போது அவர்களிடம் இருந்தது 1992ஆம் ஆண்டின் படியே. தொடக்க நாள்களில் பக்கங்கள் மாற்றி எழுதப்பட்டபோது பழையவற்றைச் சேமித்துவைக்க வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. ஓலைக்கு நேர்ந்தது வலைக்கும் நேர்ந்தது எனலாம்.

மனைகளும் மறைந்த நகரும்

தனியர் தளங்களின் வரலாற்றில் ஜியோசிட்டீஸ் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. 1994இல் அமெரிக்காவில் தோன்றிய இந்நிறுவனம், பொதுமக்கள் எவருக்கும் இலவசமாக இடமளித்தது. அவ்விடங்களுக்கு நகர்ப்புறங்களைப் போலப் பெயரிட்டது. திரைப்பட ஆர்வலர் ஹாலிவுட் என்னும் பகுதியிலும், கல்வியும் மெய்யியலும் விழைவோர் ஏதென்ஸ் என்னும் பகுதியிலும் மனை எண் பெற்றுக் குடியேறினர். மாணவர், இல்லத்தரசியர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் தம் குடும்ப வரலாறு, சமையற்குறிப்பு, கவிதை ஆகியவற்றை அங்கு எழுதிவைத்தனர். 1999இல் யாகூ நிறுவனம் அதனை விலைக்கு வாங்கியது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் அந்நகரின் விளக்குகள் அணைக்கப்பட்டன. சப்பான் நாட்டுக்கிளை மட்டும் 2019 மார்ச் வரை இயங்கியது. தன்னார்வலர்கள் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி எஞ்சியது, மற்றவை அழிந்தன.

அங்குக் குடியிருந்தோர் எவரும் மனைக்கு உரிமையாளர் அல்லர், குடியிருப்போரே. பட்டா அவர்கள் பெயரில் இல்லை. இவ்வேறுபாட்டை அவர்கள் உணர்ந்தது மனை இடிக்கப்பட்ட அன்றே.

நாம் இழந்தவை

இஃது அயல்நாட்டார் கதை என்று நாம் ஒதுங்குவதற்கில்லை. 2004ஆம் ஆண்டு நம் மாணவர் சிலர், ஊரிலுள்ள முதிய பெண்மணியரிடம் கேட்டு நாற்பத்திரண்டு தாலாட்டுப் பாடல்களைத் தொகுத்தனர். அவற்றுள் பெரும்பாலானவை எண்பது வயதைக் கடந்த ஒரே பாட்டியார் பாடியவை. பாடல்களைத் தட்டெழுதி, இலவசமாக இடந்தந்த ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றினோம். உலகமே காணுமாறு ஏற்றியாயிற்று என்னும் பெருமிதத்தில் கையெழுத்துக் குறிப்பேடுகளைப் பேணாது விட்டோம். அக்குற்றம் நம்முடையதே.

2013இல் வேறொரு மாணவர் தம் ஆய்வுக்காக அப்பாடல்களைக் கேட்டு வந்தபோது, முகவரி வெறும் பிழைச்செய்தியைக் காட்டியது. அந்நிறுவனம் முந்தைய ஆண்டே தன் சேவையை நிறுத்தியிருந்தது. முன்னறிவிப்பு வராமலில்லை, வந்தது. ஆனால், தளத்தைப் பதிவுசெய்த மாணவர் படிப்பு முடித்து அயல்நாடு சென்று, அந்த மின்னஞ்சல் முகவரியைக் கைவிட்டு ஆண்டுகள் பலவாகியிருந்தன. துறையின் பேழையில் ஒரு பிளாப்பி வட்டு கிடைத்தது. அதனைப் படிக்கும் கருவி கல்லூரியில் எங்கும் இல்லை. வெளியிலிருந்து வருவித்துத் திறந்தபோது, எழுத்துகள் புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத் தெரிந்தன. அவை தட்டெழுதப்பட்ட எழுத்துரு நம்மிடம் இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு மாற்றிப் பதினேழு பாடல்களை மீட்டோம். எஞ்சிய இருபத்தைந்தையும் மீண்டும் கேட்டெழுதலாம் என்று அப்பாட்டியார் இல்லம் சென்றோம். அவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

கருவியின் ஆயுளும் சொல்லின் ஆயுளும்

மேற்கண்ட நிகழ்ச்சியில் இழப்பு ஒரு வாயிலாக மட்டும் வரவில்லை. இடம் தந்தோர் நிறுத்தினர், கருவி வழக்கொழிந்தது, எழுத்து முறை மாறிற்று, பொறுப்பாளர் இலராயினர். இந்நான்கையும் தனித்தனியே நோக்குதல் தகும்.

புதுக் கருவிகளின் ஆயுள் குறுகியது. ஒரு காலத்தில் ஒவ்வொரு மேசையிலும் இருந்த 1.44 மெகாபைட் பிளாப்பி வட்டின் விற்பனையைச் சோனி நிறுவனம் 2011இல் சப்பானில் நிறுத்தியது. அசையும் படங்களுக்கென்று எண்ணற்ற தளங்கள் நம்பியிருந்த பிளாஷ் மென்பொருளை 2007இல் வெளிவந்த ஐபோன் ஏற்கவில்லை. 2020ஆம் ஆண்டின் இறுதியில் அம்மென்பொருளுக்கான ஆதரவை அதன் உரிமையாளரான அடோபி நிறுவனமே நிறுத்திக்கொண்டது. இல்லக் கருவிகளை ஒருங்கிணைத்து இயக்கிய ரிவால்வ் என்னும் சாதனம், அதன் மேகச் சேவை 2016 மே திங்களில் நிறுத்தப்பட்டவுடன் பயனற்றதாயிற்று. சாதனம் பழுதுபடவில்லை, வாங்கியவர் வீட்டிலேயே இருந்தது. உயிர் மட்டும் வேறிடத்தில் இருந்தது. ஆகவே, புதிய கருவியொன்றை வாங்குமுன், இதன் உயிர் எங்கிருக்கிறது என்று வினவுதல் அறிவுடைமையாகும்.

எழுத்து முறையின் மாற்றம் தமிழர்க்கு ஓர் இடர்ப்பாடாக நெடுங்காலம் இருந்தது. ஒவ்வோர் அச்சகமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டது. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் என்னும் குறியீடுகளை வரையறுத்தது. டிஸ்கி என்பது இணைய ஆர்வலர் வகுத்தது. 1991ஆம் ஆண்டிலேயே யூனிகோடின் முதற் பதிப்பில் தமிழ் இடம்பெற்றிருந்தும், அது பரவலாக வழக்கிற்கு வரப் பல்லாண்டுகள் ஆயின. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தோன்றிய மதுரைத் திட்டம் இங்குக் கருதத்தக்கது. தன்னார்வலர் பலர் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் தொடக்கத்தில் வேறு குறியீடுகளில் இருந்தன. பின்னர் அவை யூனிகோடிற்கு மாற்றப்பட்டன. மாற்றுவோர் இருந்தமையால் நூல்கள் வாழ்கின்றன. ஏட்டைப் பெயர்த்தெழுதிய பண்டைக் கணக்காயர் செய்ததும் இதுவேயாகும்.

சொந்த மனையா, வாடகை மனையா?

அவ்வாறாயின், மேகத்தை விடுத்து வீட்டிலேயே தளத்தை இயக்கலாகாதா என்னும் வினா எழலாம். இயக்கலாம். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இங்கிலாந்தில் வெளியான ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறி, கடன் அட்டை அளவினது. தொடக்க விலை 35 டாலர். படங்கள் மிகாத ஒரு தனியர் தளத்தை இயக்க அத்தகைய கருவியே போதுமானது. ஆயினும், மின்தடை நேர்ந்தால் தளம் மறையும். நினைவக அட்டை ஓயாது எழுதப்படுவதால் தேயும். வீட்டு இணைப்புகள் பலவற்றிற்கு நிலையான எண்முகவரி வழங்கப்படுவதில்லை. பாதுகாப்பு மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்காவிடின் கதவைத் திறந்துவைத்து உறங்குவதற்கு ஒப்பாகும்.

மேகம் இக்குறைகளைப் பெரும்பாலும் போக்குகிறது. ஆனால், கட்டணம் தவறினாலோ, நிறுவனம் கொள்கையை மாற்றினாலோ நாம் செய்யக்கூடியது சிறிதே. எனவே, இரண்டனுள் ஒன்றைத் தேர்வது விடையன்று. மேகத்தில் குடியிருந்து, மூலத்தை வீட்டில் வைத்திருத்தலே விடையாகும்.

கைக்கொள்ளத்தக்க நெறிகள்

முதலாவது, முகவரி நம்முடையதாக இருத்தல் வேண்டும். ஆள்களப் பெயரை நாமே பதிவுசெய்துகொண்டால், இடம் தரும் நிறுவனத்தை மாற்றினும் முகவரி மாறாது. அப்பெயரும் ஆண்டுதோறும் புதுப்பிக்கத்தக்கதே என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, எளிய வடிவில் எழுதுதல் வேண்டும். யூனிகோடு எழுத்தும் எளிய எச்.டி.எம்.எல். பக்கமும் எந்தக் கருவியிலும் திறக்கும். செர்ன் ஆய்வகத்தின் பழைய பக்கங்களை இன்றைய கைப்பேசியிலும் படிக்க முடிவது அவற்றின் எளிமையாலேயே.

மூன்றாவது, படிகள் மூன்றேனும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருத்தல் நன்று. புரூஸ்டர் கேல் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய இணைய ஆவணகம், தன் தொகுப்பின் படி ஒன்றை 2002இல் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நூலகத்திற்கு வழங்கியது. பண்டைப் பெருநூலகம் ஒன்றை இழந்த அந்நகரை அதற்குத் தேர்ந்தமை பொருத்தமுடையதே.

நான்காவது, பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருத்தலாகாது. கடவுச்சொல்லும் புதுப்பிக்கும் நாளும் துறையின் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். குடும்பத் தளமாயின் பிள்ளைகளுள் ஒருவரேனும் அறிந்திருத்தல் வேண்டும். சொத்துக்கு ஆவணம் எழுதும் நாம் சொல்லுக்கும் எழுதுதல் முறைதானே!

ஐந்தாவது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் படிகளைத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி உண்டென்று கொள்ளத்தக்கதன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கருவிகள் புதியனவாதலால் மட்டும் சொற்கள் நிலைபெறுவதில்லை என்பதும், பெயர்த்தெழுதும் கைகள் தொடர்ந்து இருத்தலாலேயே அவை நிலைபெறுகின்றன என்பதும் பெறப்படும். மேகம் வேண்டாவென்று நாம் கூறவில்லை. அதனை வாடகை மனையென்று அறிந்து குடியேறுக என்றே கூறுகிறோம்.

மீட்கப்பெற்ற பதினேழு பாடல்களும் இன்று கல்லூரிக்கு உரிய முகவரியில் உள்ளன. அவற்றின் படி நூலகக் கணிப்பொறியிலும், அச்சுப்படி துறைப் பேழையிலும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் வாரத்தில் புதிய மாணவர் இருவர் அவற்றைத் திறந்து சரிபார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிடுகின்றனர். இருபத்தைந்து பாடல்களுக்குரிய இடம் பதிவேட்டில் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. ஊர்ப் பெரியோர் எவரேனும் தம் இல்லத்து முதியோர் பாடிய தாலாட்டு ஒன்றை நினைவுகூர்ந்தால், ஒரு தாளில் எழுதியேனும் நம் துறைக்கு அளிப்பாராக. தாளையும் இம்முறை நாம் பேணுவோம்.