நாதாங்கியை முதலில் பார்

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனியில் கார் பட்டறையொன்றில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேர்ந்திருக்கிறாய். எஞ்சின், கியர்பாக்ஸ் என்று பெரிய வேலைகளில் கை வைக்க நாளாகும். அதற்குள் பலமுறை உன் முன்னால் வந்து நிற்கப்போவது மூடாத பின்கதவு. நாம் டிக்கி என்போம், அங்கே ஹெக்கிளாப்ப. மூடினால் டக்கென்று ஒரு சத்தம், உடனே எழும்பிக்கொள்ளும். வண்டிக்காரர் இருபது தடவை அறைந்து பார்த்து அலுத்து, கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்திருப்பார். பட்டறையில் முதலில் எழும் பேச்சு, "பூட்டு போச்சு, புதுசு போடு" என்பதாகத்தான் இருக்கும். போயும் இருக்கலாம். ஆனால் மூடவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பூட்டைக் கழற்றுவது அவசரம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் வாதம்.

நம் ஊர் மரக்கதவை நினைத்துக்கொள். ஐப்பசி மழையில் கதவு ஊதி, தாழ்ப்பாள் விழாமல் போனால் ஆசாரி தாழ்ப்பாளை மாற்றுவதில்லை. நாதாங்கியில் எங்கே உரசுகிறது என்று குனிந்து பார்ப்பார், விளிம்பை நாலு இழைப்பு இழைப்பார், போய்விடுவார். காரின் பின்கதவும் அதே குடும்பம். பெரும்பாலான வண்டிகளில் பூட்டு கதவின் அடியில் இருக்கும். அது கவ்வ வேண்டிய இரும்பு வளையம் கீழே வண்டியின் உடலில் திருகியிருக்கும். அந்த வளையம்தான் நாதாங்கி. பூட்டுக்குள் இரண்டு முக்கிய உறுப்புகள்: வளையம் வந்து இடித்ததும் சுழன்று அதைக் கவ்வும் ஒரு கவை, கவை திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கி. கவைக்கு இரண்டு படிகள் உண்டு. முதல் டிக் அரைப் பூட்டு, இரண்டாவது டிக் முழுப் பூட்டு. ஆக, கதவு மூடுவது என்பது பூட்டு, நாதாங்கி, கதவு உட்காரும் விதம், கொக்கியை விடுவிக்கும் மின்சாரம் ஆகிய நான்கும் ஒத்துப்போகும் ஒரு நிகழ்ச்சி. நான்கில் ஒன்றைப் பார்க்காமலே மாற்றுவது சூதாட்டம்.

சூதாடத் தேவையில்லை. கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஒரு திருப்புளியை நாதாங்கியாக நினைத்துக் கவைக்குள் அழுத்து. கவை ஏற்கெனவே மூடிய நிலையில் சுருண்டு கிடந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. ஏதோ ஒரு குழந்தை விரலால் தள்ளியிருக்கும், அல்லது ஒரு பை இடித்திருக்கும். வாய் மூடிய பூட்டின் மேல் வளையம் மோதித் திரும்புகிறது, அவ்வளவுதான். கைப்பிடியை அமுக்கிக் கவையை விடுவித்தால் போதும். திறந்திருந்த கவை இரண்டு டிக் சொல்லிப் பிடித்துக்கொண்டால் பூட்டு நல்ல பூட்டு; கோளாறு நாதாங்கிப் பக்கம். டிக் சொல்லாமல் நழுவினால் கொக்கி விழவில்லை. பூட்டுக்கு வரும் மின்கம்பியின் பிளக்கை உருவிவிட்டு மறுபடி அழுத்து. இப்போது பிடித்தால் குற்றவாளி மின்சாரம்: கைப்பிடிச் சுவிட்சுக்குள் நீர் இறங்கி, யாரோ அமுக்கிக்கொண்டே இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம்; கீலருகே ரப்பர் குழாய்க்குள் ஓடும் கம்பிகள் மடங்கி மடங்கி, உறை தேய்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். அப்போதும் பிடிக்காவிட்டால், காய்ந்து குளிரில் இறுகிய கிரீஸ், சாலை உப்பு, அழுக்கு. அல்லது விடுவிக்கும் மோட்டார் திரும்பி வராமல் நிற்கிறது. ஒரு எச்சரிக்கை. பிளக் உருவிய நிலையில் கதவை மூடிவிடாதே. உள்ளிருந்து திறக்கும் வழி தெரியாவிட்டால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

நாதாங்கிப் பக்கம் என்று தெரிந்தால் அதன் மேல் பளபளக்கும் கீறல் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று பார். மூலைகளில் உள்ள ரப்பர் முட்டுகள் வெளியே திருகி வந்திருந்தால் வளையத்தைத் தொடுமுன்பே கதவு அவற்றின் மேல் உட்கார்ந்துவிடும். வளையத்தை நகர்த்த வேண்டுமென்றால், திருகைத் தளர்த்துமுன் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவிடு. ஒரு மில்லிமீட்டர் பெரிய தூரம். கதவுக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி இடப்பக்கம் ஒருவிதம், வலப்பக்கம் ஒருவிதம் என்றால் நகர்த்தவே நகர்த்தாதே. பின்னால் இடி வாங்கிய வண்டியாக இருக்கலாம். தகட்டின் கோணலை நாதாங்கியால் மறைப்பது பழுது பார்ப்பதாகாது.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்பாய். நியாயமான கேள்வி. அங்கே வேலை ஆர்பைட்ஸ்வெர்ட் என்ற நேர அலகில் எண்ணப்படுகிறது; பூட்டு மாற்ற இத்தனை அலகு என்று பட்டியலில் இருக்கும், யோசிக்க இத்தனை என்று இருக்காது. ஆனால் சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. ஜெர்மன் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 631ஆம் பிரிவு சொல்லும் வேலை ஒப்பந்தத்தில் பட்டறை கடன்பட்டிருப்பது விளைவுக்கு, உழைப்புக்கு அல்ல. கதவு மூட வேண்டும். மூடாவிட்டால் 635ஆம் பிரிவின்படி சரிசெய்து கொடுக்கும் செலவும் பட்டறையின் தலையில். திருப்புளிச் சோதனைக்கு இரண்டு நிமிடம். அதை மிச்சம் பிடித்துப் புதுப் பூட்டைக் கோணல் நாதாங்கிக்கு நேரே மாட்டினால், அதே வண்டி அடுத்த வாரம் இலவச வேலையாக வாசலில் நிற்கும்.

கம்ப்யூட்டர் சொல்லிவிடாதா? அதற்குத் தெரிவது பூட்டுக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் சொல்வது மட்டும். கவை தானாகச் சுருண்டிருந்தால், கதவு ஆகாயத்தைப் பார்த்து நிற்கும்போதும் "மூடியிருக்கிறது" என்றே திரையில் வரலாம். கார் மெக்கானிக், கார் எலக்ட்ரீஷியன் என்று தனித்தனியாக இருந்த படிப்புகளை 2003இல் ஜெர்மனியில் மெக்கட்ரோனிக் என்று ஒன்றாக்கி மூன்றரை ஆண்டாக வைத்ததற்கு இந்தக் கதவைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

இன்னொரு மறுப்பு வலுவானது: பூட்டு உயிர் காக்கும் உறுப்பு, சந்தேகம் வந்தால் மாற்றிவிடுவதே மேல். பாதி ஒப்புக்கொள்கிறேன். கொக்கியின் முனை தேய்ந்திருந்தாலோ ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ அரம் போடாதே, நெளிக்காதே, மாற்று. கார்க் கதவுப் பூட்டுகளுக்கென்று 2004இல் ஐ.நா. உலகளாவிய தொழில்நுட்ப விதிகளில் முதலாவதையே வகுத்தார்கள். பின்கதவும் அதில் அடக்கம். திண்டுக்கல்லைப் போலப் பூட்டால் பேர் பெற்ற ஊர்கள் ஜெர்மனியில் ஃபெல்பெர்ட்டும் ஹைலிகன்ஹவுஸும். ஹைலிகன்ஹவுஸின் கீகெர்ட் நிறுவனம் 1857இல் தொடங்கியது. 1998இல் அதன் பூட்டுகள் வந்து சேராமல் கொலோனில் ஃபோர்டு ஆலையே நின்றது. அப்பேர்ப்பட்ட பொருளை அற்பமாக நினைக்கச் சொல்லவில்லை. சோதித்த பிறகு வரும் சந்தேகத்துக்கு மாற்று. சோதிக்காததால் வரும் சந்தேகத்துக்கு எதற்குப் பணம்?

கயிறு கட்டி வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடாதே. திறந்த பின்கதவோடு ஓடும் வண்டி தன் புகையைத் தானே உள்ளே இழுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. முடித்த பின் கதவை அறையாதே. ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டுவிடு. இரண்டாவது டிக் கேட்க வேண்டும். பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்