உருவமில் ஓவியமும் தமிழ் மாணவரும்

தோற்றுவாய்

ஓவியம் என்றவுடன் நம் மனத்தில் எழுவது யாதேனும் ஒரு பொருளின் சாயலேயாம். மயிலை எழுதினான் எனின் அது மயில் போன்றிருக்கின்றதா என்றும், மன்னனை எழுதினான் எனின் அவனை ஒத்திருக்கின்றதா என்றும் வினவுதல் உலக வழக்கு. ஆயின், மயிலும் மன்னனும் மலையும் மரமும் இன்றி, வண்ணமும் ஒளியுமே நிரம்பிய திரைச்சீலையொன்று நம் கண்முன் நிற்குமாயின் அதனை எவ்வாறு அளப்பது? "இது யாது?" என்னும் வினா அங்கு விடை பெறாது திரும்புகின்றது. இத்தகைய ஓவியத்தைப் பொருளற்றது என்று இகழ்வாரும், விலை மிக்கது என்ற அளவில் வியப்பாரும் நம்மிடை உளர். இவ்விரு திறத்தாரும் அதனைக் கண்டிலர் என்பதும், அதனைக் காணும் நெறி தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று என்பதும் இக்கட்டுரையின் துணிபாம்.

ஓவியரும் அவர்தம் காட்சியும்

வாசுதேவ் சாந்து காய்தோண்டே என்பார் 1924-ஆம் ஆண்டு நாகபுரியிற் பிறந்தவர், பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியில் 1948-இல் பயிற்சி முடித்தவர். தொடக்கத்தில் உருவங்களை எழுதிய இவர், பின்னர் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, வண்ணம் ஒன்றையே துணைக்கொண்டனர். 1964-இல் ராக்பெல்லர் உதவி பெற்று நியூயார்க் சென்று வந்தனர். 1971-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். 1972-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்து, எளிய சிற்றில்லொன்றில் தனித்து வாழ்ந்து, 2001-இல் மறைந்தனர். ஓராண்டில் அவர் எழுதி முடித்தவை மிகச் சிலவே. அவற்றுட் பெரும்பாலனவற்றுக்குப் பெயரும் இட்டிலர்.

அவர் மறைந்து பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், நியூயார்க் நகரத்துக் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அவர் ஓவியங்கள் மட்டுமே அடங்கிய பெருங்காட்சியொன்று நிகழ்ந்தது. 2014 அக்டோபர் 24 முதல் 2015 பிப்ரவரி 11 வரை, 45 படைப்புகள் அங்கு வைக்கப்பெற்றன. அவ்விடம் பொருந்திய இடமே. என்னை? அவ்வருங்காட்சியகம் 1939-இல் தோன்றியபொழுது அதற்கு இட்ட பெயரே 'பொருள்சாரா ஓவியக் காட்சிச்சாலை' என்பது. காய்தோண்டேயும் தம் ஓவியத்தைப் பொருளினின்றும் வடித்தெடுத்தது என்று கூறுதலை விரும்பாது, பொருள்சாராதது என்றே கூறுவர்.

பண்பும் பண்பியும்

இவ்விரண்டற்கும் வேறுபாடு யாதெனின், நம் இலக்கணமே விளக்கும். 'செந்தாமரை' என்னும் பண்புத்தொகையைப் பிரிக்குங்கால், செம்மை எனவும் தாமரை எனவும் நிறுத்துகின்றோம். பண்பு வேறு, பண்பி வேறு என மனத்தாற் பிரித்தறிகின்றோம். தாமரையைக் கண்டு, இதழையும் தண்டையும் படிப்படியே விலக்கிச் செம்மையை எஞ்சச் செய்வது வடித்தெடுத்த ஓவியம். தாமரையினின்று தொடங்காது, செம்மையையே முதலாகக் கொண்டு எழுதுவது பொருள்சாரா ஓவியம். உலகியலிற் பண்பியை விட்டுப் பண்பு தனித்து நில்லாது. ஓவியன் திரைச்சீலையின்மேல் அதற்கு ஓர் இருக்கை அமைத்துத் தருகின்றான்.

அகத்திணையை நோக்குக. அன்பின் ஐந்திணையிற் தலைவன் தலைவியரது இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் கண்ட வரம்பு. ஊர் பேர் அறியப்பட்ட ஒருவனது காதலாயின் அது அவன் கதையாகிவிடும். பெயர் நீங்கியவிடத்துக் காதலே புலனாகும். ஒன்றை நீக்குதலால் மற்றொன்று விளங்கும் என்னும் இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

"அகப்பாட்டிற் பெயரே நீங்கிற்று, குறிஞ்சியும் சுனையும் நீங்கவில்லையே" எனின், அத்தடை தக்கதே. அதற்கு விடை இசையில் உளது. ஆலாபனை செய்வான் ஒரு சொல்லும் கூறான். எனினும் அவையோர் கண்ணீர் மல்கக் கேட்கின்றனர்; "இதன் பொருள் யாது?" என எவரும் வினவுவதிலர். செவிக்கு நாம் அளித்த உரிமையைக் கண்ணுக்கு மறுத்தல் முறையாமோ?

வண்ணத்தின் அடுக்கு

காய்தோண்டே தூரிகையினும் உருளையையும் தட்டைக் கத்தியையும் மிகுதியாகக் கையாண்டனர். ஒரு வண்ணத்தின்மேல் மற்றொன்றை மெல்லிதாகப் பரப்பி, ஈரம் உலராமுன் தாளினை ஒற்றி எடுத்து, அடியில் உள்ளது மேலே கசிந்து தோன்றச் செய்தனர். ஆதலின் அவர் ஓவியத்தில் ஒளி மேலிருந்து படிவதாகத் தோன்றாது. உள்ளிருந்து எழுவதாகவே தோன்றும்.

இதனை உணர்தற்குப் பிள்ளைப்பாக்கத்தார்க்கு அயல்நாடு செல்லவேண்டுவதின்று. ஒரகடம் முதலிய இடங்களின் மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளிற் பணிபுரியும் நம் ஊர் இளைஞரைக் கேண்மின். வண்டிக்கு அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேற்பூச்சு என அடுக்கடுக்காகப் பூசுவர் என்றும், அடிப்பூச்சிற் பிழை நேரின் மேற்பூச்சு அதனை மறையாது என்றும் அவர் கூறுவர். அங்கு அடுக்குவது கையின் சுவடு தோன்றாமைப் பொருட்டு. இங்கு அடுக்குவது ஆழம் தோன்றுதற் பொருட்டு. நோக்கம் வேறாயினும், வண்ணத்தின் இயல்பை அவ்விளைஞர் நம்மினும் நன்கறிவர். அந்திப்பொழுதில் நம் ஏரிக்கரையில் நின்றாரும் அறிவர்: நீரும் வானும் ஒரு நிறமாகிக் கரை மறையுங்கால், கண் ஒரு பொருளையும் காணாது ஒளியையே காணும். ஆகவே, இக்கலை செல்வர்க்கே உரியது என்பது பொருந்தாது.

விலையும் மதிப்பும்

2013 டிசம்பரில் மும்பையில் நிகழ்ந்த ஏலத்தில், காய்தோண்டே 1979-இல் எழுதிய ஓவியமொன்று 23 கோடி ரூபாய்க்கு மேல் விலைபோயிற்று. அச்செய்தி அறிந்தார் பலர். அவ்வோவியத்தின்முன் கால் நாழிகை வாளா நின்றார் சிலரே. விலை வாங்குவானது ஆற்றலைக் காட்டும், ஓவியத்தைக் காட்டாது. உரை கூறும் புகழுரையை மட்டும் கற்றுப் பாட்டினைக் கல்லாது விடுதல் எத்தகையதோ, அத்தகையதே விலை கேட்டு வியத்தலும்.

முடிவுரை

தமிழகத்தும் இந்நெறி நின்றார் உளர். கே. சி. எஸ். பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறிகளும்' என்னும் வரிசையில், படித்தற்கியலா எழுத்துகளால் திரைச்சீலைகளை நிரப்பினர். காந்தியடிகளைக் கோடுகளால் எழுதிப் புகழெய்திய ஆதிமூலம், பிற்காலத்தில் உருவத்தை விடுத்து வண்ணவெளியைத் தேர்ந்தனர். பணிக்கர் முன்னின்று 1966-இல் நிறுவிய சோழமண்டல ஓவியர் சிற்றூர் ஈஞ்சம்பாக்கத்தில் இன்றும் உளது. விடுமுறையில் ஒருநாள் ஆண்டுச் செல்க. ஓவியத்தின்முன் நின்று, "இது யாது?" என உடனே வினவாது, "இஃது என்னுள் யாது செய்கின்றது?" எனச் சிறிதுபொழுது பொறுத்து வினவுக. ஒன்றும் தோன்றாதாயின் அங்ஙனமே கூறுக, இழுக்கில்லை. காணாமலே இகழ்தலும் காணாமலே புகழ்தலுமே கற்பார்க்கு இழுக்காவன.