மலைச் சைக்கிளின் கழுத்து

சைக்கிளில் நாள்தோறும் செல்வோர் பலர். அதன் சக்கரங்களுக்குக் காற்றடித்துச் சங்கிலிக்கு எண்ணெயிடுவோர் அவருட் சிலர். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப்போல் நிற்கும் குட்டைக் குழாயினுள் யாதுளது என்று எண்ணிப் பார்ப்போரோ மிகச் சிலர். கண்ணுக்குத் தோன்றாததைக் கருத்திற் கொள்ளாமை மனித இயல்பே. ஆயினும் வண்டி நாம் விரும்பிய திசையிற் செல்வது அக்கழுத்தினுள் இருக்கும் இரண்டு பேரிங்குகளால் அன்றோ? கல்லும் வேரும் நிறைந்த மலைச்சரிவில் விரைந்திறங்கும் வண்டிக்கு அவை பழுதுபடின் நேரும் தீங்கு சிறிதன்று. ஆதலின் அவற்றின் அமைப்பையும், தேயும் காரணத்தையும், மாற்றும் முறையையும் இவ்வியாசத்தில் ஒருவாறு ஆராய்வோம்.

மலைச் சைக்கிளின் பிறப்பு

மலைச் சைக்கிள் சவாரி பேர்பெற்றது அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த மரின் கவுண்டி என்னும் பகுதியிலாகும். 1970-களில் அங்கிருந்த இளைஞர் சிலர், பருத்த டயருள்ள பழைய சைக்கிள்களைத் தேடியெடுத்து மலைப்பாதைகளில் ஓட்டி மகிழ்ந்தனர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள், பேர்பாக்ஸ் என்னும் ஊரினருகே அவர்களது முதற் பந்தயம் நடைபெற்றது. அப்பாதை ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரத்திற்குள் 400 மீட்டர் அளவு இறங்குவது. பிரேக்கின் சூட்டினால் பின்சக்கரக் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போகவே, இறங்கியபின் புதுக் கிரீஸை அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அப்பாதைக்கு 'மீண்டும் அடைத்தல்' எனப் பொருள்படும் 'ரீபேக்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. மலைச்சவாரியின் சரித்திரம் தொடக்கமுதலே கிரீஸோடு பிணைந்திருத்தல் காண்க.

அமைப்பு

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் மேற்பாகம் ஒரு தண்டாய் நீண்டு, சட்டத்தின் தலைக்குழாயினூடே சென்று மேலே வெளிப்படுகிறது. அத்தண்டு தடையின்றித் திரும்புமாறு குழாயின் மேல்வாயில் ஒரு பேரிங்கும் கீழ்வாயில் ஒரு பேரிங்கும் அமைக்கப்பட்டுள்ளன. இவற்றையும் இவற்றைச் சார்ந்த வளையங்களையும் மூடிகளையும் சேர்த்து 'ஹெட்செட்' என்பர்.

பழைய சைக்கிள்களில் தண்டின் தலையில் மரை வெட்டி, நட்டுகளால் இறுக்குவர். கிண்ணங்களில் குண்டுகள் உதிரியாகவோ கூட்டில் கோத்தோ இருக்கும். 1990-களின் தொடக்கத்தில் மரையில்லாத தண்டு வழக்கிற்கு வந்தது. இதில் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் தண்டை வெளிப்புறமாய்க் கவ்விக் கொள்கிறது. தண்டின் குறுக்களவு 1⅛ அங்குலம், அதாவது 28.6 மில்லிமீட்டர். பிற்காலத்து மலைச் சைக்கிள்கள் பலவற்றில் தண்டு கீழே வரவர அகன்று 1½ அங்குலமாகிறது. குண்டுகளும் உதிரியாயிராமல், இரு வளையங்களுக்கிடையே அடைத்து மூடப்பட்ட ஒரே உறுப்பாய் வருகின்றன.

தேயும் காரணம்

சக்கரத்தின் பேரிங் முழுச் சுற்றாய்ச் சுழல்வதால் கிரீஸ் எங்கும் பரவும். கழுத்துப் பேரிங்கோ இடமும் வலமுமாய்ச் சிறிதளவே அசைவது. நேர்வழியில் ஒவ்வொரு குண்டும் தனக்குரிய ஒரே புள்ளியில் நெடுநேரம் நிற்கும். பாதையின் அதிர்ச்சியால் அப்புள்ளியில் நுண்ணிய அசைவுகள் நிகழ, அங்குள்ள கிரீஸ் விலகிப்போம். உலோகம் உலோகத்தோடு உராயும். சிறு குழிகள் விழும். அதன்பின் ஹேண்டில்பாரை நேரே பிடிக்குந்தோறும் ஏதோ பள்ளத்தில் விழுந்தாற்போல் அது தங்கி நிற்கும். பலத்த மோதலே குழிகளை உண்டாக்கியதென்று பலர் கருதுவர். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மோதலன்று, மசகின்மையே.

இரண்டாவது பகை நீரும் மணலும். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு கீழ்ப்பேரிங்கையே தாக்கும். பாரமும் அதற்கே அதிகம். ஆதலின் கீழ்ப்பேரிங் பெரும்பாலும் முதலில் மடியும். விசைக் குழாயால் கழுத்தினருகே நீர் பாய்ச்சிக் கழுவுவோர் அம்மரணத்தை விரைவுபடுத்துகின்றனர்.

குறிகள்

முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைக்க. மற்றொரு கையின் விரல்களைத் தலைக்குழாயும் ஹெட்செட்டும் பொருந்துமிடத்தில் வைக்க. அங்கு ஆட்டம் தெரியின் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஸ்பிரிங் போர்க்கின் கால்களும் பிரேக்கும் கூடச் சிறிது ஆடுமாதலால், ஆட்டம் எவ்விடத்ததென்று விரலாலேயே தெளிய வேண்டும். பின்னர் முன்சக்கரத்தை நிலத்தினின்று தூக்கி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்புக. நறநறவென்று உராய்ந்தால் உள்ளே மணலோ துருவோ உண்டு. நடுவில் தங்கி நின்றால் குழி விழுந்துள்ளது.

இங்கு எமக்கு நேர்ந்த ஒன்றை மறையாது கூறுவோம். மழைக்காலம் ஒன்று கழிந்தபின், எம் வண்டி பிரேக் பிடிக்கும்போதெல்லாம் 'டக்' என்று ஒலித்தது. ஸ்டெம்மின் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடியின் போல்ட்டைக் கால்சுற்றுத் திருகினோம், ஒலி நின்றது, நோய் தீர்ந்ததென்று மகிழ்ந்தோம். இரு வாரங்களில் ஒலி மீண்டது, மீண்டும் திருகினோம். மூன்றாம் முறை திருகியபின் ஹேண்டில்பார் இறுகிப் போயிற்று. அதனையும் பொருட்படுத்தாது ஒரு சரிவில் இறங்கினோம். வளைவில் சக்கரம் எம் கைக்கு உடன்படாமல் பாதையின் விளிம்பை நாடியது. முழங்கைச் சிராய்ப்போடு தப்பினோம். பிரித்துப் பார்த்தபோது கீழ்ப்பேரிங்கில் கிரீஸ் இல்லை. செந்நிற நீரும், துருவேறிய குண்டுகளும், முறிந்த கூடுமே இருந்தன. யாம் திருகி அடக்கியது ஒலியையேயன்றி நோயையன்று.

பிரித்தல்

முதலில் முன்சக்கரத்தைக் கழற்றுக. டிஸ்க் பிரேக்காயின் அதன் பிடியைப் போர்க்கினின்று விடுவித்து, கட்டைகளுக்கிடையே ஓர் அட்டைத்துண்டைச் செருகி வைத்தல் நலம். சக்கரமில்லாதபோது பிரேக்கை அழுத்தலாகாது. பின்னர் மேல்மூடியின் போல்ட்டை ஆலன் கீயினாற் கழற்றி, ஸ்டெம்மின் பக்கப் போல்ட்டுகளைத் தளர்த்துக. இப்போது போர்க் நழுவி விழுமாதலின் ஒரு கையால் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டெம்மை உருவி, குழல்கள் மடியாதபடி ஹேண்டில்பாரைத் துணியிட்டுச் சட்டத்தில் சார்த்துக. போர்க் இறங்க மறுத்தால் தண்டின் தலையை ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்டின் போதும். அதனைப் பற்றியிருக்கும் பிளவு வளையம் விடும்.

கழற்றிய உறுப்புகளை ஒரு துணியின்மேல் வரிசைப்படி, மேற்புறம் மேலாகவே அடுக்குக. இம்முறை ஒன்றே பூட்டும்போது நேரும் குழப்பத்தில் பாதியை ஒழிக்கும். பின் யாவற்றையும் துடைத்து, தலைக்குழாயின் வாயிலோ தண்டிலோ விரிசல் உண்டாவென்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசல் காணின் வேலையை அங்கேயே நிறுத்துக. புதுப் பேரிங் அதற்கு மருந்தன்று.

தெரிந்தெடுத்தல்

பேரிங்குகள் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. பழைய வளையத்தின்மேல் பெரும்பாலும் அதன் அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும்: வெளிவட்டம், உள்வட்டம், உயரம், சாய்வுக் கோணங்கள். 41 மில்லிமீட்டர் பேரிங்கும் 41.8 மில்லிமீட்டர் பேரிங்கும் கண்ணுக்கு வேறுபடா. ஆயினும் முன்னதன் சாய்வுகள் வழக்கமாய் 36, 45 பாகைகள். பின்னதன் சாய்வுகள் இரண்டும் 45 பாகை. மாற்றியிட்டால் பொருந்தா. எழுத்து அழிந்திருப்பின் வெர்னியர் காலிப்பரால் அளந்தறிக. முழு ஹெட்செட்டைக் குறிக்க இரண்டெழுத்துக் குறிகள் உண்டு: கிண்ணம் வெளியே நிற்பின் ஈ.ஸி.; குழாயினுள் அடங்கின் இஸட்.எஸ்.; கிண்ணமின்றிச் சட்டமே பேரிங்கைத் தாங்கின் ஐ.எஸ்.

இனி மேம்படுத்துதல் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடியாத எஃகுப் பேரிங் சாதாரணக் குரோம் எஃகினும் சற்று மென்மையானது; எனினும் மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டிக்கு அதுவே ஏற்றது. பீங்கான் குண்டுள்ள விலையுயர்ந்த பேரிங்குகள் விரைந்து சுழலுமிடத்திற்கு உரியவை. சிறிதே அசையும் கழுத்திற்கு அவற்றால் தக்க பயனில்லை. நல்ல ஸீலும் நிறைந்த கிரீஸும் இருப்பதே உண்மையான மேம்பாடு. கிண்ணம் குழியுற்றோ குழாயில் தளர்ந்தோ இருந்தாலன்றி முழு ஹெட்செட்டையும் மாற்ற வேண்டுவதில்லை. மாற்ற நேரின், அழுத்தும் கருவியுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்தலே தகும். சுத்தியால் அடிப்பின் கிண்ணம் கோணலாய் இறங்கிக் குழாயைக் கெடுக்கும்.

பூட்டுதல்

பேரிங் அமரும் இடங்களிலெல்லாம் கிரீஸை மெல்லியதாய்ப் பூசுக. போர்க்கின் தோளிலுள்ள வளையத்தின் சாய்வும் பேரிங்கின் உட்சாய்வும் ஒன்றோடொன்று படியுமாறு கீழ்ப்பேரிங்கை வைத்து, போர்க்கைக் குழாயினுள் ஏற்றுக. மேற்பேரிங், பிளவு வளையம், தூசுமூடி, இடைவளையங்கள், ஸ்டெம் என்ற வரிசையில் இடுக. தண்டின் நுனி ஸ்டெம்மின் மேல்விளிம்புக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும். இல்லையேல் மேல்மூடி தண்டையே அழுத்துமன்றி, பேரிங்கை இறுக்காது.

பக்கப் போல்ட்டுகள் தளர்ந்திருக்க, மேல்போல்ட்டை ஆட்டம் ஒழியுமட்டும் மெல்லத் திருகுக. அதன் தொழில் பேரிங்கைச் சரிசெய்வதே, போர்க்கைத் தாங்குவதன்று. ஆட்டமும் இறுக்கமும் இல்லாத நிலை வந்தபின், ஸ்டெம்மைச் சக்கரத்தோடு நேராக்கி, பக்கப் போல்ட்டுகளை மாறிமாறி, ஸ்டெம்மில் குறித்துள்ள அளவிற்கு இறுக்குக. முன் கூறிய சோதனைகளை மறுபடியும் செய்க. முதற் சவாரிக்குப் பின் இன்னுமொருமுறை செய்தல் அறிவுடைமை.

இவ்வேலைக்கு வேண்டுவன சில ஆலன் கீகளும், சிறிது கிரீஸும், ஒரு மாலைப்பொழுதுமே. நன்கு தேர்ந்த இரு வளையங்கள் பழைய வண்டியைப் புதிதுபோலாக்கும். ஆண்டிற்கொருமுறையேனும், மழைக்குப்பின் தவறாமலும், அக்கழுத்தைத் திறந்து பார்ப்போமாக. ஒலி எழுந்தால் அதை அடக்க விரையாது, எழுந்த காரணத்தைத் தேடுவோமாக. எம் முழங்கையின் வடு எமக்குக் கற்பித்த பாடம் இதுவே.