நாய்க்குட்டியின் முதல் உலா

கமத்திற்குக் காவலாக வளர்க்கப்படும் நாய்க்குட்டி, 3ஆம் வாரம் முதல் ஏறக்குறைய 14ஆம் வாரம் வரையிற் கண்டு பழகியவற்றிற்குப் பிற்காலத்தில் எளிதில் அஞ்சாது. வெளியாருடன் பழகினாற் காவல் கெடும் எனக் கருதிக் கமக்காரர் சிலர் குட்டியை ஓயாது கட்டிவைக்கின்றனர். இது தவறு. அச்சத்தாற் கடிக்கும் நாய் தபாற்காரரை மட்டுமன்றி அயல்வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும்.

தடுப்பூசிகள் யாவும் முடியும்வரை காத்திருப்பின் அப்பருவம் கழிந்துவிடும். ஆதலால் குட்டியைக் கையிலேந்திச் சென்று மாட்டுப்பட்டி, மிதிவண்டி, உழவு இயந்திரம் என்பவற்றைத் தொலைவிலிருந்து காட்டுக. 10 நிமிடம் போதும். தெருநாய்கள் திரியுமிடத்தில் நிலத்தில் விடலாகாது. பார்வோ நோய்க்கிருமி மண்ணிற் பல மாதங்கள் தங்கியிருக்கும். குட்டி வாலை ஒடுக்கி நடுங்கினால் அதட்டாது, சற்று விலகி நின்று அவித்த மீன்துண்டு கொடுக்க. முள்ளை முன்னரே நீக்குக. விசர்நோய்த் தடுப்பூசிக்குரிய நாளை மிருக வைத்தியரிடம் கேட்டறிக.