நல்ல மென்பொருளை நயமாகச் சொல்வது எப்படி?

இந்த மாதப் பாடம் கணினி பற்றியது. "எங்க குழுவுல கம்ப்யூட்டரே இல்லையே" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நீங்கள் கட்டும் சேமிப்பும் வாங்கும் கடனும் கூட்டமைப்பு அலுவலகத்தில் கணினியில்தான் ஏறுகிறது. உங்கள் கையில் இருக்கும் போனும் ஒரு கணினிதான்.

முதலில் நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

போன வருடம் ஒரு ஊராட்சிக் கூட்டமைப்பின் கணக்காளர் அக்கா, மாத அறிக்கையை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். எங்கள் கணினியில் திறந்து பார்த்தால் தமிழையே காணோம். கோழி கிளறிய மாதிரி ஆங்கில எழுத்தும் புள்ளியுமாக இருந்தது. அவருடைய கணினியில் இருந்த ஆபீஸ் மென்பொருள், கடைக்காரர் ஏற்றிக் கொடுத்த உரிமம் இல்லாத நகல் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். உடனே குழுவிலேயே எழுதினோம்: "இது திருட்டு நகல். சட்டப்படி தப்பு. லிப்ரே ஆபீஸ் இலவசமா கிடைக்கும்போது ஏன் இன்னும் இதையே பிடிச்சிட்டு இருக்கீங்க?"

அறுபது பேர் இருக்கும் குழு அது. அக்கா பதில் போடவில்லை. அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் வரவில்லை. அறிக்கை போகாததால் இரண்டு குழுக்களின் வங்கிக் கடன் மனு அப்படியே நின்றது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்.

"கடைக்காரர் ஏத்திக் குடுத்தாரு மேடம், நான் என்னத்தக் கண்டேன்? ராத்திரி பத்து மணி வரைக்கும் உக்காந்து அடிச்ச கணக்கு அது. அறுபது பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொல்லிட்டீங்களே" என்றார்.

நாங்கள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆனால் படித்தவர்களுக்கு அப்படித்தான் பட்டிருக்கும். அன்றே அதே குழுவில் மன்னிப்புக் கேட்டோம். குத்திக்காட்டியது எல்லார் முன்னாடியும், மன்னிப்பு மட்டும் தனியாகவா?

சரி, நாங்கள் அவ்வளவு அவசரமாகப் பரிந்துரைத்தது எதை? அதைத் 'திறந்த மூல மென்பொருள்' என்பார்கள். கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்வதுண்டு. தையல் தெரிந்தவர்களுக்கு எளிதாகப் புரியும். ஒருவர் தைத்த ஜாக்கெட்டை மட்டும் தருகிறார். இன்னொருவர் ஜாக்கெட்டோடு அளவு வெட்டிய பேப்பரையும் தருகிறார். "பாத்துக்கோ, உனக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோ, பக்கத்து வீட்டுக்கும் குடு" என்கிறார். திறந்த மூலம் இரண்டாவது வகை. பெரும்பாலும் காசில்லாமல் கிடைப்பது அதில் ஒரு வசதி. உள்ளே இருப்பதை யாரும் பார்த்துச் சரிசெய்யலாம், நகல் எடுத்துக் கொடுத்தாலும் தப்பில்லை என்பதுதான் பெரிய வசதி.

இது நமக்குப் புதிதும் இல்லை. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991இல் வெளியிட்ட லினக்ஸ்தான் இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்கு அடிப்படை. தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. உங்கள் பிள்ளையின் பழைய லேப்டாப்பில் அது இன்னும் இருக்கலாம். எழுதவும் கணக்குப் போடவும் உதவும் லிப்ரே ஆபீஸ் 2010இல் உருவானது. அதன் பட்டியல்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நல்ல பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிடுகிறது போலும். அந்த டோர்வால்ட்சே கூட வேலை செய்பவர்களை மின்னஞ்சலில் கடுமையாகத் திட்டுவதில் பேர் போனவர். 2018 செப்டம்பரில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் வேலையிலிருந்து ஒதுங்கியும் இருந்தார். அதே சமயம் லினக்ஸ் குழுவுக்கு நடத்தை விதிகளும் வந்தன.

இப்போது எங்கள் இரண்டாவது தவறு. அக்காவின் அறிக்கை தெரியாமல் போனதற்கு ஆபீஸ் மென்பொருள் காரணமே இல்லை. அவர் பழைய எழுத்துருவில் அடித்திருந்தார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. லிப்ரே ஆபீசுக்கு மாறியிருந்தாலும் அதே கிளறல்தான் வந்திருக்கும். அவருக்குத் தேவைப்பட்டது யூனிகோடு தமிழ். எந்தப் போனிலும் எந்தக் கணினியிலும் தெரிவது அது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது. "என்ன சிரமம் அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துரு மாற்றியில் பழைய அறிக்கைகளை யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். மென்பொருள் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே கேட்டார்: "அந்த இலவச சாப்ட்வேருன்னு சொன்னீங்களே, அதையும் காட்டுங்க பாப்போம்."

காட்டும்போது குறையையும் சேர்த்தே சொன்னோம். எக்செல் கோப்பு இதில் திறக்கும், ஆனால் சில நேரம் கட்டம் நகரும், சில சூத்திரங்களைச் சரிபார்க்க வேண்டும். அவருடைய கடன் பதிவேட்டையே திறந்து, கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று இருவரும் பார்த்தோம். ஒரு மாதம் இரண்டிலும் கணக்கு எழுதினார். அதன் பிறகே மாறினார். அந்த ஒரு மாதம் ராத்திரியில் போன் வந்தாலும் நாங்கள் எடுத்தோம். மாறச் சொன்னவர்கள் நாங்கள்தானே.

இன்னொன்று. குழுவில் எதையாவது பரிந்துரைக்கும்போது இணைப்பை மட்டும் தட்டிவிடாதீர்கள். கடன் செயலி, பரிசுச் செயலி என்று மோசடி இணைப்புகள் சுற்றும் காலம் இது. பெயரைச் சொல்லி, எதற்கு உதவும், உங்களுக்கு எப்படி உதவியது என்று நான்கு வரி எழுதுங்கள். அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதும். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். இத்தனையும் திறந்த மூலம் இல்லாத வாட்ஸ்அப்பில் உட்கார்ந்துதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதும் நினைவிருக்கட்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

உங்கள் கூட்டமைப்பின் கணக்கு எந்த மென்பொருளில் எழுதப்படுகிறது? அது யார் ஏற்றித் தந்தது?

எல்லார் முன்னாடியும் ஒருவர் உங்களைத் திருத்தியபோது எப்படி இருந்தது? வேறு எப்படிச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள்?