வீட்டுக் கடனோடு திணிக்கப்பட்ட காப்பீடு

காரைக்காலில் வீட்டுக் கடன் கேட்டுச் செல்வோரிடம், ஆயுள் காப்பீடு கட்டாயமென்று சொல்லி, அதன் ஒற்றைப் பிரீமியத்தையும் கடனிலேயே சேர்த்து, வருஷக்கணக்கில் அதற்கும் வட்டி சுமக்கச் செய்வது பெரும் அநியாயம். சட்டத்தில் அத்தகைய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை.

பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த 30 தினங்களுக்குள் அதை ரத்துச் செய்யும் உரிமை உண்டு. அத்தவணை கடந்திருப்பினும் மனம் தளர வேண்டாம். விண்ணப்பப் படிவத்தின் பிரதியை வாங்கி, தாம் சொல்லாத விவரம் ஏதேனும் எழுதப்பட்டுள்ளதா என நிதானமாகப் பரிசோதித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பி அத்தாட்சி பெறுக.

ஒரு மாதத்துக்குள் திருப்தியான பதில் வராவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மாஹே கொச்சிக்கும், ஏனாம் ஹைதராபாத்துக்கும் உட்பட்டிருக்க, காரைக்கால் சென்னை அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. இங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.