வலையை இரவிலும் இறக்கு



மொன்ட்ரியலின் சென்ட் லோரன்டிலிருந்து றிமூஸ்கிக்குப் போய் விலங்கு மிதவையுயிரிகளைப் பற்றி ஆராயப் போகிறாய் என்று அம்மா சொன்னா. நல்ல முடிவு. அங்கே நீ பார்த்து வளர்ந்த சென்ட் லோரன்ஸ் ஆறு நன்னீர். கியூபெக் நகரைத் தாண்டி, ஓர்லியன் தீவுப் பக்கம்தான் உப்புக் கலக்கத் தொடங்கும். உன் வேலை அதற்கும் கிழக்கே, தடூசாக்கில் தொடங்கும் லோரன்சியன் கால்வாயில். பெயர்தான் கால்வாய், ஆழம் 300 மீட்டரைத் தாண்டும்.

பகலில் மட்டும் வலை இறக்கிவிட்டு எதையும் எழுதாதே. கிரில், பல கோபிபோடுகள் ஆகிய மிதவையுயிரிகள் பொழுதுபட்ட பின் மேலே வந்து மேய்ந்து, விடியுமுன் இறங்கிவிடும். உணவான பாசி வெளிச்சமுள்ள மேல்நீரில்தான் வளர்கிறது. ஆனால் ஹெரிங், கெப்பெலின் போன்ற மீன்கள் கண்ணால் பார்த்துப் பிடிப்பவை. அதனால்தான் இராச்சாப்பாடு.

மேலே வந்ததெல்லாம் சாப்பிட்டது என்று கணக்கெழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடலைப் பார். 1976இல் ஆய்வாளர்கள் மக்காஸும் போரரும் காட்டிய வழி இது: பச்சையம் ஒளிரும், குடலில் அதை அளந்தால் அண்மையில் தின்றது தெரியும். கலானஸ் என்ற கோபிபோடு ஒன்றை நுண்ணோக்கியில் வை. மூன்று மில்லிமீட்டர் அளவு, ஒளி ஊடுருவும் உடம்பு, உள்ளே எண்ணெய்ப் பை, அதையொட்டிக் குடல். தின்றிருந்தால் பச்சைக்கோடு தெரியும். ஒரு மணி நேரத்துக்குள் அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். ஆகவே வலை வந்தவுடன், மங்கல் வெளிச்சத்தில் வடிகட்டித் திரவ நைதரசனில் போடு. தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். பச்சையம் இல்லையென்றால் பட்டினி என்றும் முடிவுகட்டாதே. கிரில் கோபிபோடுகளையும் தின்னும், அந்த இறைச்சி ஒளிராது.

சென்ட் லோரன்ஸ் கழிமுகத்தில் இன்னொரு விசேஷம். மேல்நீர் கடலை நோக்கிப் போகிறது, ஆழ்நீர் உள்ளே வருகிறது. இரவில் மேலே மேயும் கிரில் வெளியே அள்ளுப்படும். பகலில் கீழே பதுங்கும்போது திரும்பக் கொண்டுவரப்படும். ஜூனில் இரவு எட்டு மணி நேரம்தான், ஆழத்தில் கழியும் நேரமே கூட. கால்வாய் தொடங்கும் தடூசாக்கில் கிரில் குவிவதற்கும், நீலத்திமிங்கிலங்கள் அங்கே வருவதற்கும் இதுவும் ஒரு காரணம். அப்படியென்றால் ஒரு விலங்கின் சாப்பாட்டு நேரமும் அது எங்கே வாழ்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயமே இதுதான்.

பருவத்தை மறந்துவிடாதே. கலானஸ் ஹைப்பர்போரியஸ் என்ற இனம் கோடையிலேயே ஆழத்துக்குப் போய்விடும். சேமித்த கொழுப்பில் பனிக்காலத்தைக் கழித்து, ஒன்றும் தின்னாமலே முட்டையும் இடும். அந்த மாதங்களில் அதற்கு இராச்சாப்பாடும் இல்லை, பகற்சாப்பாடும் இல்லை.

கப்பலில் இடம் கேட்கும்போது ஜூனில் ஒரு முழு இரவும் ஒக்டோபரில் ஒரு முழு இரவும் கேள். ஒன்றுதான் கிடைக்குமென்றால், கட்டுரைத் தலைப்பிலேயே அந்த மாதத்தைப் போட்டுவிடு.